பின்னது முதலில்

முன்வண்டிக்கு இங்கே குதிரை என்று பெயர்.
குதிரைக்குப் பின்னால் ஒரு பெட்டி,
பெட்டிக்குப் பின்னால் இன்னொன்று.
இருபத்திரண்டு மீட்டர், இருபத்தாறு டயர்.
வார்டன் கிடங்கில் ஏற்றிய மஞ்சள் சோளம்
டர்பன் துறைமுகம் வரைக்கும் என் பொறுப்பு.

முன்னால் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை.
இழுத்தால் வரும். வளைவில் கொஞ்சம் இடம் கேட்கும்,
கொடுத்துவிட்டால் போதும்.
பதினெட்டு வருஷத்தில் நான் கற்றதெல்லாம்
பின்னால் எடுக்க வேண்டிய இடத்துக்குப்
போகாமல் இருப்பது.

அன்றைக்குப் போய்விட்டேன்.

கிடங்கு வாசலில் வலது; இடது எடுத்தேன்.
மெரிபேங்கிலிருந்து மகளின் வாய்ஸ் மெசேஜ்:
"அப்பா, நீங்க கையெழுத்துப் போட்ட தாள் செல்லாதாம்,
நேர்ல வரணுமாம்."
இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அதற்குள்
தார் முடிந்து மண்.
இரண்டு பக்கமும் கம்பிவேலி.
முந்நூறு மீட்டர் போனதும், ஓடைமேல் பாலம் இருந்த இடத்தில்
இரண்டு டிரம், ஒரு சிவப்புத் துணி.

என்ஜினை அணைத்தேன்.
ஒரு மாடு மென்றுகொண்டே பார்த்தது.

கணக்கு இதுதான்:
பின்னால் வரும்போது ஸ்டீயரிங்கை இடம் ஒடித்தால்
முதல் பெட்டியின் வால் வலம் போகும்.
அது வலம் போனால் அடுத்ததன் வால் இடம் போகும்.
திருத்தலாம் என்று நீ வலம் ஒடிப்பதற்குள்
இரண்டும் சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி
ஆளுக்கொரு திசையில் முகம் திருப்பி மடங்கியிருக்கும்.
கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பலாம் என்றால்
வழியை மறித்து நிற்பதே அந்தக் கடைசிப் பெட்டிதான்.
கடைசியாக வந்தது முதலில் வெளியேற வேண்டும்.
கம்பெனிக்குச் சொன்னால் மீட்பு வண்டி வரும்,
அதன் பில் என் சம்பளத்தில் வரும்.

பெக்கி நடந்து வந்தான்.
அவனுக்கும் அதே சோளம், அதே நீளம்.
தன் வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு
கையில் டார்ச், வாயெல்லாம் சிரிப்பு:
"பூபாலன், இந்தப் பக்கம் நிலம் வாங்கிவிட்டாயா?"

ஹம்பா என்றால் போ. ஈமா என்றால் நில்.
ஹம்பா, ஹம்பா, ஈமா.
ஒரு முழம் சரியாக, இரண்டு முழம் தப்பாக.
முன்னே இழுத்து நேராக்கு. மறுபடி.
ஹம்பா. ஈமா. ஈமா!
அவன் தகரத்தில் அறைந்த அறை
பெட்டி பெட்டியாகக் கடந்து
என் முதுகுக்கு வந்து சேர்ந்தது.
பொழுது சாய்ந்தது. கண்ணாடியில் அவன் மறைந்து
டார்ச் மட்டும் மிஞ்சி
இல்லை, இல்லை என்று தலையாட்டியது.
ஒரு வேலிக்கம்பம் சாய்ந்தது.
இருவருமாக நிமிர்த்தி மண்ணை மிதித்து இறுக்கினோம்,
திருடிய பொருளைத் திரும்ப வைப்பவர்கள் போல
பேச்சில்லாமல்.

மூன்றரை மணி நேரம். முந்நூறு மீட்டர்.

தாரில் ஏறியதும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.
ரொட்டி, பீன்ஸ் கறி.
"இறைச்சி எங்கே?"
புரட்டாசி, என்றேன்.
"அது எப்போது முடியும்?"
அக்டோபர் பாதியில்.
"அதற்கப்புறம் வழி தவறு," என்றான் வாய் நிறைய,
"நான் பின்னாலேயே வருகிறேன்."

ஹாரிஸ்மித் தாண்டி வான்ரீனன் இறக்கம்.
சின்ன கியர். பிரேக் மேல்
பட்டும் படாமலும் ஒரு கால்.
பெக்கி எப்போதோ முந்திப் போய்விட்டான்.
மகளுக்கு இன்னும் பதில் போடவில்லை.
ஓர் இடது வளைவில், இடக் கண்ணாடியில்
மஞ்சள் விளக்குகள் ஒரு வரிசை
என்னை ஒட்டியே இருட்டில் இறங்கி வந்தன.
யாரோ பாவம், இந்த நேரத்தில்.
இவ்வளவு நெருக்கியா வருவது,
தூக்கக் கலக்கமாக இருக்கும்,
ஒதுங்கி வழிவிடலாம் என்று
இண்டிகேட்டரைத் தட்டினேன்.

அந்த வரிசையின் கோடியிலும்
அதே நொடியில்
ஒரு விளக்கு மினுக்கியது.