பழைய எண் 14, புதிய எண் 31

அறிவிக்கப்பட்டது:
பிளாஸ்டிக் ஹேங்கர், நாற்பதடிக் கன்டெய்னர் ஒன்று.
கண்டெடுக்கப்பட்டது:
முன்னால் இரண்டு வரிசை ஹேங்கர்,
அதற்குப் பின்னால் சுவர் சுவராக சிகரெட்.

மணலி முனையத்தில் சீலை வெட்டியபோது
நான் அங்கே இல்லை.
தாக்கல் செய்த இரவிலும் இல்லை.
பதினொன்று நாற்பதுக்கு
தம்புச் செட்டித் தெரு இரண்டாம் மாடியில்
என் டாங்கிளைச் செருகி
என் மகள் பிறந்த தேதியைத் தட்டினான் கோதண்டம்.
பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.
ராயபுரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
என் கையெழுத்து மட்டும் விழித்திருந்தது.

கூலி மூவாயிரத்து ஐந்நூறு.
அதில் ஐந்நூறு இன்னும் பாக்கி.
ஏய்த்த வரி என்று நோட்டீஸ் சொல்வது
ஒரு கோடியே எண்பத்தாறு லட்சம்.

ஃபார்வர்டர் தீனதயாளன் வாட்ஸப்பில் அனுப்பிய
பான், ஆதார், ஜிஎஸ்டி, கரண்ட் பில்
நான்கையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நான்கும் அசல்.
விதி பத்து கேட்பது அதை மட்டுமல்ல.
சொன்ன முகவரியில் ஆள் இயங்குகிறாரா?
இயங்குகிறாரா என்ற அந்த ஒரு சொல்லை
உரிமத் தேர்வுக்காக
பீச் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவன்.
இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

தீனதயாளனின் எண்
உபயோகத்தில் இல்லையாம்,
மூன்று மொழியில், ரொம்ப மரியாதையாக.

வக்கீல் சொன்னார்:
"நேர்ல போய் சரிபார்த்தோம்னு
ஏழாவது பத்தியில எழுதிட்டேன்.
இடத்தை ஒரு படம் எடுத்துட்டு வாங்க.
தேதியை மட்டும் காலியா விட்டிருக்கேன்."

எருக்கஞ்சேரியில்
பழைய எண் பதினாலைக் கேட்டால் ஒரு சந்தைக் காட்டுகிறார்கள்,
புதிய எண் முப்பத்தொன்றைக் கேட்டால் வேறொரு சந்து.
பெயரைச் சொன்னதும்
தண்ணி லாரிக்காரன் சிரித்தான்.
"இஸ்திரிக்காரம்மாவா?"

ஸ்ரீ ரத்னா இம்பெக்ஸின் உரிமையாளர்
டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டு
யாருடைய பள்ளிச் சீருடையையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.
முனிரத்தினம்.
ஆதாரில் இருப்பதைவிட இளைத்திருந்தார்.

நான் வாய் திறப்பதற்குள்
விரித்த போர்வைக்கு அடியிலிருந்து
ஒரு பழுப்பு உறை வெளியே வந்தது.
"படிச்ச ஆளாட்டம் கீறீங்க. இன்னான்னு பாத்து சொல்லு சார்.
லோன் வரும்னு நாலு எடத்துல கையெழுத்து வாங்கினு போனான்.
அஞ்சாயிரம் குட்த்தான்.
அப்பால ஆளையே காணோம்."

நாற்பத்தோரு பக்கம், ஆங்கிலம்.
என் மேஜையில் இருப்பதன் அச்சு அசல் பிரதி,
இதில் மட்டும் ஓரத்தில் கரித்தூள்.

சொன்னேன், தெரிந்த மட்டும்.
சீனாவிலிருந்து நீங்கள் ஹேங்கர் வரவழைத்ததாக.
"ஹேங்கரா?
நான் மட்ச்சுத்தான சார் குடுக்கறேன்."

கடைசிப் பக்கம்
பதில் சொல்ல வேண்டியவர்களின் வரிசை.
"மொதல்ல எம்பேரா? கூட இன்னும் யாரு?"
இரண்டாவது பெயரை வாய்விட்டுப் படித்தேன்,
தகப்பன் பெயர், உரிம எண் சகிதம்,
வேறு யாரோ ஒருவனுடையதைப் போல.
"அவரு இன்னா பண்ணாரு, பாவம்?"
"கையெழுத்துப் போட்டாரு."
"படிக்காமயா?"

படம் எடுக்கணும் என்றதும்
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
வண்டிக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.
படத்தின் கீழ் மூலையில்
தேதி தானாகவே விழுந்தது,
சரக்கு இறங்கி ஏழு மாதம் கழித்து.
பெரிதாக்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

பதில் கொடுக்க இன்னும் நான்கு நாள்.

உறையை மடித்து உள்ளே செருகினார்.
அடுத்த சட்டையை உதறி விரித்தார்.
"ஆமா, நீ யாருன்னு
சொல்லவேல்லியே சார்."