ஆற்றை காணி

தைப்பூசம் கழிய
வழுக்கையாறு ஒரு முழம் உள்ளுக்குப் போனது.
விட்டுப்போன இடத்தில் ஒரு வரிசை வெள்ளரி.
அடுத்த கிழமை இன்னொரு முழம்:
கெக்கரி.
பிறகு வெண்டி, பிறகு பயிற்றை.
கால் புதைகிற சேற்றில், கடைசியாய்,
நான் கூப்பிடாமலே வந்து
குந்திக்கொண்டது பொன்னாங்காணி.

மதகில் நின்று பார்த்தால்
மூத்தது கரைப்பக்கம், முளை தண்ணீர்ப்பக்கம்.
வயது வைத்தது நானில்லை.

துலா இல்லை இங்கே, மிசின் இல்லை,
மண்ணெண்ணெய்க் கடன் இல்லை.
இரவில் வேர் தானாய்ப் போய்க் குடித்துவிட்டு வரும்.
நத்தைக்குச் சாம்பல் தூவினால் போதும்.
கொக்கு கன்றை மிதிக்காமல்தான் நடக்கிறது.
அருணகிரியின் ஆடு அப்படியில்லை.

மாசி நடுவில் உத்தியோகத்தர் வந்தார்.
மோட்டார்சைக்கிளை மதகில் விட்டு
இறங்கிய நாலாம் அடியில்
ஒரு சப்பாத்தைச் சேறு வாங்கிக்கொண்டது.
அதை இழுத்தபடியே கேட்டார்:
“இது ஆற்றை காணி?”

“ஓம் ஐயா,
ஆற்றின்ரை காணிதான்.”

சிரித்தாரா தெரியாது.
அளவு நாடாவோடு சேர்த்து
எதையோ சுருட்டிப் பைக்குள் வைத்தார்.
“எல்லைக்கல்லு?”
“தண்ணிக்குள்ளை நிக்குது.
பங்குனியிலை வந்தியளெண்டால் வெளியாலை வரும்.”

தாள் எழுதினார்.
நா. தவக்கிளி, சண்டிலிப்பாய்.
பதினாலு நாளுக்குள் பயிர் யாவும் அகற்றுக.
விரல் மடித்துப் பார்த்தேன்.
வெள்ளரிக்குப் பன்னிரண்டு போதும்.
கெக்கரி இழுபறி.
மற்றதுகளுக்கு இந்தத் தாள் காணாது.

ஒன்பதாம் நாள் இரவு
பருவம் தப்பிய மழை.
ஆறு போன வழியாலேயே திரும்பி ஏறியது:
முதலில் பயிற்றை, பிறகு வெண்டி.
விடியத் தண்ணீருக்கு மேலே
வெள்ளரியின் சுருள்நுனிகள் மட்டும்
எதையோ பிடிக்கத் தேடின.

இடுப்பளவில் இறங்கினேன்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
கை சொன்னது: இது தண்டு, இது கல்,
இது காய்.
குளிர்ந்த சிறு பிஞ்சுகள்,
முள்ளு இன்னும் உதிராதவை,
ஒரு கடகம் தேறியது.
சுன்னாகத்தில் அரைவிலை.
கழுவின காய் வாடிப்போகுமாம்.
ஆறு கழுவியது என்று சொல்லிப் பார்த்தேன்,
ஆரும் ஐந்து ரூபாய் கூட்டவில்லை.

பதினாலாம் நாள்
அவர் மதகில் நின்றே பார்த்தார்.
வெறும் சேறு. ஒரு கொக்கு.
இறங்கவில்லை, சப்பாத்து புதிது.
“அகற்றப்பட்டது” என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆறு அன்றைக்கு
ஒரு முழம் உள்ளுக்குப் போயிருந்தது.
மோட்டார்சைக்கிள் சத்தம் முடியுமுன்னம்
மடியிலிருந்த அவருடைய தாளைப் பிரித்தேன்.
நாலாய் மடித்த மடிப்புக்குள்
மிச்ச வெண்டி விதை,
ஈரம் படாமல்.