அரை டிகிரி

கணினிக்குள் நீங்கள் ஓர் உருளை, தேசராணி அக்கா.
பதினாறு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன்:
தலை, மார்பு, முதுகு, இடக்கை, வலக்கை...
மீன் வெட்டுகிறவர், சிரிப்பீர்கள் என்றுதான்
இதுவரை சொல்லவில்லை.

சிங்காரத்தோப்பில் பத்துக்குப் பத்து அறை.
இருக்கும் ஒரே ஜன்னல் உப்பனாற்றைப் பார்க்கிறது;
கொசுவுக்காகப் பாலித்தீன் அடித்திருக்கிறீர்கள்.
பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம்
இரவு பதினொன்றுக்குமேல்தான் இறக்கத் தொடங்கும்,
நீங்கள் பாய் விரிக்கிற நேரம் பார்த்து.

மேசைப்பந்துக்குக் கறுப்புப் பூசி
வயிற்றில் உணரி வைத்து
மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.
சுவரும் தளமும் வீசும் அனலை அது வாங்கிச் சொல்லும்.
மூன்றாம் நாள் நான்கு மணி முதல் ஆறு வரை
வரைபடம் பித்துப் பிடித்துத் துள்ளியது.
"அபிலன் தெருவுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்மா.
நல்லா ஸ்பின் ஆவுதாம்."
அந்த இரண்டு மணி நேரத்தை அழித்தேன்.

உடைக்கு ஓர் அட்டவணை உண்டு:
கோட்டு, கம்பளிச் சட்டை, முழங்கால் பூட்ஸ்.
நைட்டியின்மேல் போட்ட துண்டுக்கு வரிசை இல்லை.
வேலைக்கு இன்னொன்று:
தட்டச்சு, நடனம், டென்னிஸ்.
வஞ்சிரத்தின் செதில் சுரண்டுவது அதிலும் இல்லை.
"உட்கார்ந்து செய்யும் இலேசான வேலை" என்று போட்டேன்.
உங்கள் மணிக்கட்டை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தபின்
திருத்தினேன்.

வியர்வை விஷயத்தில் சமன்பாடு கறார்.
காய்ந்ததுதான் கணக்கு.
புருவத்தில் தேங்கி, தாடையில் வழிந்து,
அரிவாள்மணைமேல் சொட்டியது செல்லாது.
இந்தக் கரைக்காற்றுக்கு முன்பே வயிறு முட்டத் தண்ணீர்;
உங்களிடம் ஒரு மிடறும் வாங்க மாட்டேன் என்கிறது.

பிறகு கருத்துக் கேட்பு. ஏழு கட்டம்.
கடுங்குளிரில் தொடங்கிக் கடுஞ்சூட்டில் முடியும்,
நடுவில் பூஜ்யம்.
"இப்ப எப்படிக்கா இருக்கு?"
"புழுங்குது."
"அது இதுல இல்லக்கா. சூடா, ரொம்பச் சூடா?"
"சூடு அடுப்புல இருக்கு. இது புழுக்கம்."
என் பேனா நின்றதைப் பார்த்து
"பரவால்ல, எதுனா போட்டுக்கோ" என்றீர்கள்.
பூஜ்யத்தில் டிக் போட்டேன்.
பேருந்தில் அதை அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: புழுக்கம்.
மென்பொருள் அந்த வரியைப் பிழை என்றது.

ஒன்பது இரவுகள்
என் மாதிரியின் கோடும் உங்கள் அறையின் கோடும்
தோளோடு தோள் போயின.
பத்தாம் இரவு அறை அரை டிகிரி இறங்கியது.
மேகம் இல்லை. மழை இல்லை. அதே மூன்றில் மின்விசிறி.
பேட்டரி மாற்றினேன்.
பதினொன்றாம் இரவும் அரை டிகிரி.

தூங்கும் உடம்பு ஒன்று
பழைய குண்டு பல்பு அளவுக்கு எரிகிறது, எழுபது வாட்.
நிரலில் நான்கு பேர் என்று எழுதியிருந்தேன்.
ஒன்றைக் குறைத்து ஓட்டினேன்.
கோடு கோட்டின்மேல் வந்து படுத்துக்கொண்டது.

கேட்காமல் இருந்திருக்கலாம்.
"வீட்ல ஆள் குறைஞ்சாங்களாக்கா?"
கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்:
"மங்களூர் போட்டுக்குப் போயிருக்கு. எட்டு மாசம்.
கடன்காரங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு
அக்கம்பக்கத்துலகூட மூச்சு விடல.
உனக்கு யாரு சொன்னது?"

அண்ணாந்து காட்டினேன்.
நீங்கள் நெடுநேரம் பந்தைப் பார்த்தீர்கள்.
விசிறிக் காற்றில் அது கொஞ்சம் சுற்றி, நின்று,
எதிர்ப்பக்கம் சுற்றியது.

"திரும்பி வந்தா, அதையும் சொல்லுமா?"

கருவியைப் பதினைந்தாம் தேதி துறையில் ஒப்படைக்க வேண்டும்.
சொல்லும் என்றேன்.
அபிலன் அதற்குள்
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.