அங்க அடையாளம்

பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்,
விளக்குத்தூண் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.
"ஸ்பெயின்காரம்மா ஒண்ணு அழுகுது, துளசிராம்.
அந்தப் பேச்சு ஒனக்குத்தான் தெரியுமாமே."

தெரியும் என்று சொல்ல முடியாது.
வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ்,
இன்ச் டேப்பின் மேல் மட்டும் ஸ்பானிஷ்.
குன்னத்தூர் சத்திரத்தில் மாடிக்கடை.
படியேறி வருகிறவர்களை
ஏறும்போதே அளந்துவிடுவேன்.
ஆல்தோ, உயரம். பாஹோ, குட்டை.
கோர்தோ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது,
பேசாமல் துணியில் அரை மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும்.
லிஸ்தோ என்றால் ரெடி.
இருபது வருஷத்தில் நான் அதிகம் சொன்ன பொய் அது.

ஆக, உடம்பு தெரியும் எனக்கு.
உடம்புக்குள் இருக்கும் ஆள்
எந்த மொழியிலும் டேப்புக்குச் சிக்கியதில்லை.

பெயர் இனெஸ். எழுகடல் தெருவில் பை போயிருந்தது,
இரண்டாயிரத்துச் சொச்சம், ஒரு மூக்குக் கண்ணாடி,
பாதி தின்ற கடலை மிட்டாய்.
ஏட்டு தவமணி தாளை நேராக்கினார்.
"அங்க அடையாளம் கேளு."

மொரேனோ, என்றாள். கறுப்பு.
டெல்காதோ. ஒல்லி.
பிகோத்தே. மீசை.

ஏட்டு எழுதுவதை நிறுத்தி
என்னை ஒரு தடவை பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
டீ கொண்டுவந்த பையன்
கிளாஸை வைத்துவிட்டு மேலுதட்டைத் தடவிக்கொண்டான்.
ஜன்னலுக்கு வெளியே மாசி வீதி முழுக்க
மொரேனோ, டெல்காதோ, பிகோத்தே
மூட்டை சுமந்துகொண்டும் சைக்கிள் தள்ளிக்கொண்டும்
ஒரு பயமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இத வெச்சு மதுரையில யாரப் பிடிக்க?
மச்சம், தழும்பு எதாச்சும்?"
தழும்புக்கு என்னிடம் சொல் இல்லை.
கட்டைவிரலில் ஊசி ஏறி இறங்கிய இடத்தைக் காட்டினேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.

"சரி, ஆள் எப்படி? கெட்டவனா?"
மாலோ? என்றேன்.
வேகமாகத் தலையை ஆட்டினாள்.
நோ எஸ் மாலோ. எஸ்தாபா அசுஸ்தாதோ.

கடைசிச் சொல்லை நான் தைத்ததே இல்லை.
விரல்களை நடுங்கவிட்டுக் காட்டினாள்.
கண்ணை அகல விரித்து,
இல்லாத பையை நெஞ்சோடு அணைத்து
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாதவனாக
ஸ்டேஷன் நடுவில் நின்றாள்.

"பயந்தாங்கொள்ளின்னு எழுதிக்கவா?"

அவளுக்கு என்ன புரிந்ததோ,
எஸ், என்று சுவரைத் தட்டினாள். நோ.
எஸ்தா, என்று
தலைக்கு மேல் முனகிச் சுற்றும் ஃபேனைக் காட்டினாள்.
அந்நேரம் பார்த்து கரண்ட் போனது.
எல்லோரும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தோம்
அது மெல்ல நிற்பதை.

எஸ்ஸும் எஸ்தாவும் எனக்கு அதுவரை
ஒரே நூலின் இரண்டு நுனி.

"பயந்தவன் இல்லைங்க. பயந்திருந்தான்."
"ரெண்டும் ஒண்ணுதானப்பா?"
"இல்லைங்க. ஒண்ணு சுவரு."

காலையிலேயே குடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
ஆனாலும் எழுதினார்.
கறுப்பு, ஒல்லி, மீசை எல்லாம் கட்டத்துக்குள்.
பயந்திருந்தான் என்பதற்கு இடம் போதாமல்
'இருந்தான்' மட்டும் ஓரத்தில் ஏறி நின்றது.

வாசலில் என் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டி
எரெஸ் லிஸ்தோ, என்றாள்.
ரெடியா? நானா?
இவள் என்னிடம் துணியே கொடுக்கவில்லையே.
சாயங்காலம் ஆறு மணி, என்றேன் பழக்கத்தில்.

சிரித்துவிட்டாள்.
நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள்,
பிறகு ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரில் கையை வைத்தாள்.
சித்திரை வெயில்.
சுட்டிருக்கும்.
நான் தலையாட்டும்வரை எடுக்கவில்லை.