நாலு ஸ்க்ரூ

கொணவட்டத்தில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே
எங்கள் ஒயரிங் கடை.
போலீஸ் வண்டி வந்து நின்றால்
பக்கத்துக் கடைக்காரன் ஹெல்மெட்டைத் தேடுவான்.
நான் டெஸ்ட் லாம்பைத் தேடுவேன்.

இன்றைக்கு வந்தது புதுசு.
சீட்டின் பாலித்தீன் கூடப் பிரிக்கவில்லை.
டிரைவர் கான்ஸ்டபிள் சகாயமேரி
அட்டைப்பெட்டியை பானட்டில் வைத்து ஒவ்வொன்றாய் எடுத்தாள்:
வயர்லெஸ் செட், மைக், சைரன் பெட்டி,
டேப்லட், அதைத் தாங்க ஒரு இரும்புக் கை,
கடைசியில், கைக்குட்டையில் சுற்றிய
ஒரு சின்ன வேளாங்கண்ணி மாதா.
"எல்லாம் கைக்கு எட்டணும்ணே."

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
கைக்கு எட்டுகிற இடத்தில்தான் அதுவும் இருக்கிறது,
டாஷ்போர்டுக்குள்,
எண்ணெயைப் பார்க்காத பூரி மாதிரி தட்டையாய்.
மூடியின் மேல் சின்ன எழுத்து.
கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

சாக்பீஸ் எடுத்துக் கோடு போட்டேன்,
விரிந்தால் அது எதுவரை வரும் என்று.
"இதுக்குள்ள ஒண்ணும் வெக்கமாட்டேன்."
"மாதாவக் கூடவா?"
"மாதாவக் கூட."
சிரித்தாள்.
"போன வண்டிக்கு நீங்கதான வெச்சீங்க,
அந்த மூடி மேலயே?"

ஆமாம். நான்தான்.

அன்றைக்கு டேப்லட் கையைப் பொருத்த
தட்டையாக ஒரு இடம் தேடினேன்.
அந்த மூடியைவிடத் தட்டையாய் வண்டியில் வேறொன்றும் இல்லை.
நாலு ஸ்க்ரூ. நாலுக்கும் ஸ்பிரிங் வாஷர்.
ஏட்டு கோதண்டம் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.
"மலை மாதிரி கீதுபா."

ஆடி மாசம், பள்ளிகொண்டா டோல் தாண்டி, விடிவதற்கு முன்
ரோட்டிலேயே நின்றிருந்தது ஒரு ஜல்லி லாரி,
டெயில் லைட் இல்லாமல்.
மோதியபோது என் ஸ்க்ரூ ஒன்றும் கழலவில்லை.
மூடி கழன்றது.
இமை பாதி இறங்குவதற்குள்
இரும்புக் கையையும் டேப்லட்டையும் தூக்கிக்கொண்டு
ஏட்டு முகத்துக்குப் போனது.
அதன் பின்னாலேயே வந்தது பை,
வெள்ளை வெளேரென்று,
தான் காப்பாற்ற வேண்டியவரைத் தேடிக்கொண்டு.

கிரேன் அந்த வண்டியை என் வாசலில்தான் இறக்கியது.
பிய்ந்த மூடியில் நாலும் இருந்தன.
ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகிப் பார்த்தேன்.
அரைச் சுற்றுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

விசாரணைத் தாளில் லாரி நம்பர் இருந்தது,
இல்லாத டெயில் லைட் இருந்தது.
ஸ்க்ரூ இல்லை. யாரும் கேட்கவில்லை.
பங்குனியில் பில் பாஸாகி வந்தது:
பொருத்துக் கூலி, நானூற்றைம்பது.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

சகாயமேரியிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன்.

பாட்டரி முனையைக் கழற்றிவிட்டு
ஒரு டீ ஆறிக் குடிக்கிற நேரம் காத்திருந்தேன்.
செட்டை இரண்டு சீட்டுக்கும் நடுவே தாழ இறக்கினேன்.
டேப்லட் கையைத் தரையில் பூட்டி,
கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி வளைத்தேன்.
கதவுத் தூண் வழியாக ஒயரை இழுக்கவில்லை,
அங்கேயும் ஒரு பை தூங்குகிறது.
"மைக் எடுக்கக் குனியணுமே."
"குனியலாம்மா."
"அப்ப இவங்க?"
மாதாவுக்கு நானும் இடம் யோசித்தேன், கிடைக்கவில்லை.
கைக்குட்டையில் திரும்பச் சுற்றி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
கோட்டை முழங்கையால் துடைத்தாள்.
பாதி காக்கியில் ஒட்டியது, பாதி வண்டியிலேயே தங்கியது.

பாட்டரி மாட்டி செட்டைத் திருப்பினேன்.
கரகரப்பு.
சத்துவாச்சாரி என்னவோ சொன்னது.
கிரீன் சர்க்கிளில் பஸ் ஒன்று நின்றுபோயிருந்தது.
அப்புறம் கண்ட்ரோல் ரூமிலிருந்து அந்தக் குரல்.
மேல்வரிசைப் பல் இல்லாவிட்டால்
"வ" சரியாக வராது.
பஸ்ஸைத் தள்ளி ஓரங்கட்டச் சொல்லிவிட்டு
"ஓ...அர்" என்றார்.

சகாயமேரி குனிந்து சத்தத்தைக் கூட்டினாள்.
"கிளியரா கேக்குதாண்ணே?"

கேட்டது.