இரவல் காது

ஞாயிறு காலை, கெட்டிலை ஏற்றும் முன்
துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்
பழைய துண்டை விரிக்கிறேன்.
துண்டைக் கண்டதும் போகா மேசைக்கடியில்.
எங்கள் மொழியில் போகா என்றால் பொத்தான்,
மூக்கைப் பார்த்து வைத்த பெயர்.
காதைப் பார்த்திருந்தால்
திரைச்சீலை என்றுதான் வைத்திருப்பேன்.

இருபத்தாறு வருடம் லியபாயா உருக்காலையில்
கம்பி உருட்டும் கூடத்தில் நின்றவள் நான்.
காதுக்குப் பஞ்சு தந்தார்கள்.
கையுறைக் கிழிசலை அடைக்க வைத்துக்கொண்டோம்.
வலது காது முதலில் போனது,
இடது அதற்குத் துணையாக.
இப்போது கதவு மணி, கெட்டிலின் விசில்,
மேல்மாடி ஸ்கைட்ரீட்டே நாற்காலியோடு விழுந்த சத்தம்,
எல்லாமே எனக்கு
முழங்காலில் வந்து இடிக்கும் ஓர் ஈர மூக்கு.

போன ஆகஸ்டில் மூக்கு வரவில்லை.
தபால்காரர் வில்னிஸ் பார்சலைத் திருப்பி எடுத்துப்போனார்.
கெட்டில் அடிபிடித்துக் கருகியது.
நாய்க்கு வயதாகிவிட்டது என்றாள் ஸ்கைட்ரீட்டே,
உதட்டைப் பெரிதாக அசைத்து.
நான் காது மடலைத் தூக்கினேன்.
கம்பு ரொட்டியைப் பாலிதீன் பையில் கட்டி
வெயிலில் மறந்த வாடை.
உள்ளே காபி வண்டல்.

வினிகர் ஊற்று என்றாள். ஊற்றினேன்.
பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைந்தேன்,
நன்றாகத்தான் போகிறது என்று.
போகா வாயைத் திறந்திருந்தது.
கொட்டாவி என்று நினைத்தேன்.
ஸ்கைட்ரீட்டே இரண்டு கையாலும்
தன் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள்.
அதைப் பார்த்த பிறகுதான்.

மருத்துவர் இண்டுலிஸ் தாளில் வரைந்து காட்டினார்:
நாயின் காது நேராகப் போவதில்லை.
கீழே இறங்கி, ஒரு மூலையில் திரும்புகிறது,
எங்கள் கட்டடத்து நிலவறைப் படிக்கட்டு மாதிரி.
குச்சி அழுக்கை எடுக்காது,
மூலைக்குத் தள்ளிவிட்டுக் கைவீசி வரும்.
செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மருந்துப் புட்டியை இப்போது
சட்டைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்குகிறேன்.
காதுக்குள் குளிர்ந்த சொட்டு யாருக்குப் பிடிக்கும்?
இடது கை அதன் தொண்டையில்.
எப்போதும் தொண்டையில்.
உறுமல் என்றால் அங்கே உருளைகள் ஓடும்,
முனகல் என்றால் ஒரு நூல் இழுபடும்.
நூல் இழுபட்டால் நிறுத்திவிடுவேன்,
பாதிச் சொட்டில் என்றாலும்.

ஊற்றியபின் காதின் அடியை
அரை நிமிடம் பிசைய வேண்டும்.
‘சளக் சளக் என்று கேட்கும்’ என எழுதிய மருத்துவர்
என்னைப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்தார்.
அடித்திருக்க வேண்டாம்.
சேற்றில் பூட்ஸ் போய் வருவது
கட்டைவிரலுக்குத் தெரிகிறது.

பிறகு ஒதுங்கிக்கொள்வேன்.
அது உதறும்.
சுவர், குழாய், என் மூக்குக்கண்ணாடி
எங்கும் பழுப்புப் புள்ளி.
கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பஞ்சால் துடைப்பேன்.
தெரியாததைத் தோண்டுவதில்லை.
(ஸ்கைட்ரீட்டேயின் மாஜி கணவன் விஷயத்திலும்
அப்படியே இருந்திருக்கலாம். அது வேறு கதை.)
கடலில் நீந்திய நாளில் மடல்களைத் தூக்கி
ஈரம் ஒற்றி எடுத்தால்தான் வீட்டுக்குள் அனுமதி.
இல்லாவிட்டால் பால்டிக்கையே
காதில் மூட்டைகட்டிக் கொண்டுவந்துவிடும்.

இன்று எல்லாம் முடிந்து
பாலாடைக்கட்டியை எடுத்தேன்.
போகாவின் காதுகள் வேரோடு எழுந்தன.
முழங்காலில் இடி இல்லை.
வாசலுக்கு ஓட்டமும் இல்லை.
ஜன்னல் பக்கம் திரும்பி அசையாமல் நின்றது.
எட்டிப் பார்த்தேன்:
டிராம் இல்லை, ஆள் இல்லை,
கொடியில் ஒரே ஒரு காலுறை.

என்னிடம் வந்து சொல்லத் தேவையில்லாத எதையோ
தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கையில் பாலாடைக்கட்டி பிசுபிசுக்க
நின்றேன்,
அது கேட்டு முடிக்கட்டும் என்று.