கதவு திறந்த நேரம்

மூன்று பத்துக்குக் கதவு திறந்தது என்கிறது அட்டவணை.
லாரி வந்தது நான்கு பத்துக்கு என்கிறது
வாசல் குறிப்பேடு.
நடுவில் ஒரு மணி நேரம்.
அந்த ஒரு மணி நேரத்தில்தான்
ஒயார்சோ ஆறு பெட்டி ராஜநண்டைக் கடத்தியிருக்க வேண்டுமாம்.

புன்டா அரீனாஸில் ஜூன் மாதம்.
பத்து மணிக்குத்தான் விடியும்.
ஜன்னலுக்கு வெளியே நீரிணை இன்னும் கறுப்பு.
என் முன்னே இரண்டு லட்சம் வரிசைகள்,
குளிர்கிடங்கின் உணரி
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தவை.
அத்தனை நேரங்களில் ஒன்றுகூட
தான் எந்த ஊர் நேரம் என்று சொல்லவில்லை.

ஊர் சொல்லாத ஆளை
வீட்டுக்குள் விடமாட்டோம்.
நேரத்தை மட்டும் விட்டுவிடுகிறோம்.

கோடை முழுக்கப் பொருந்துகிறது.
ஏப்ரலில் பிசகுகிறது.
அதன்பின் லாரிகள் எல்லாம் தாமதம்,
கதவுகள் எல்லாம் அவசரம்,
ஒயார்சோ விடுப்பில் இருந்த இரவுகளிலும்.

சர்வர் சாந்தியாகோவில் இருக்கிறது.
அங்கே ஏப்ரலில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள்.
நாங்கள் அதை விட்டு வருடங்களாயிற்று,
இருக்கிற கொஞ்ச வெளிச்சம்
சாயங்காலத்துக்காவது மிஞ்சட்டும் என்று.

ஒரே ஒரு வரி எழுதினேன்:
இது சாந்தியாகோ நேரம், எங்கள் நேரமாக்கு.
மூன்று பத்து நான்கு பத்தானது.
கதவும் லாரியும்
சண்டை போட்ட தம்பதி பஸ்ஸில் இடம் இல்லாமல்
ஒரே இருக்கையில் உட்கார்ந்ததுபோல்
பக்கத்தில் பக்கத்தில்.
(பெட்டிகளை யாரோ தப்பாக எண்ணியிருந்தார்கள்.
அது வேறு கதை.)

மேலாளர் வெர்காரா படித்தார்.
"சரி, வரச் சொல்லு யெர்கா" என்றார். அவ்வளவுதான்.

மே முப்பத்தொன்று முதல் ஒரு மாதம் இடைநீக்கம்.
இன்று ஜூன் முப்பது.
சம்பளப் பாக்கி போட
இன்றிலிருந்து ஒரு மாதம் கழி என்றேன்.
மே முப்பது என்றது.
கூட்டினேன், ஜூன் முப்பது.
கழித்தேன், மே முப்பது.
முப்பத்தொன்றிலிருந்து இங்கே வர அதற்குத் தெரியும்.
திரும்பிப் போகத் தெரியாது.

தெரிந்தேதான் விட்டேன்.
ஒரு நாள் கூலி கூடுதல்,
நிறுவனம் மூழ்கிவிடாது.

ஒயார்சோ உறையைப் பிரித்து
நின்றபடியே எண்ணினார், இருமுறை.
"முப்பதாம் தேதி வேலையில் இருந்தேனே.
அதற்கு அப்போதே வாங்கியாயிற்று."
சில நோட்டுகளை என் விசைப்பலகை மேல் வைத்துவிட்டு
தொப்பியை இழுத்துக்கொண்டு போனார்.

ஒன்பதே முக்கால். இன்னும் இருட்டு.
இந்த நோட்டுகளை
எந்தத் தேதியில் வரவு வைப்பது?